டப்ளின்ல ஆர்ட்ஸ் மேனேஜ்மென்ட் முடிச்சாச்சு: கேலரியில சம்பளமில்லாம மூணு மாசமா, வெளியூர்ல பார்ட் டைமா?

நித்திலம்:
எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவ எழுதுறேன். போன வருஷம் டப்ளின்ல ஆர்ட்ஸ் மேனேஜ்மென்ட் மாஸ்டர்ஸ் முடிச்சேன். ஸ்டாம்ப் 1ஜி, அதாவது படிப்பு முடிச்சவங்க இங்க தங்கி வேலை பாக்கறதுக்கான விசா அனுமதி, கைல இருக்கு, அதுல அஞ்சு மாசம் ஓடிடுச்சு. இதுவரைக்கும் ஒரு கஃபேலதான் வேலை.

இப்ப ரெண்டு வழி வந்திருக்கு. ஒண்ணு, டப்ளின் நடுவுல ஒரு சின்ன கேலரி, பேர் சொல்ல வேண்டாம், மூணு மாசம் இன்டர்ன்ஷிப், வாரம் நாலு நாள், சம்பளம் கிடையாது, பஸ் செலவு மட்டும் தருவாங்களாம். க்யூரேட்டர், அதாவது எந்த படத்த எப்படி காட்டணும்னு முடிவு பண்றவர், அவர் கூடவே உக்காந்து வேலை பாக்கலாம்னு சொன்னாங்க. இன்னொண்ணு, டப்ளின்ல இருந்து ரயில்ல ரெண்டு மணி நேரம் தள்ளி ஒரு ஊர் ஆர்ட்ஸ் சென்டர்ல ஃப்ரண்ட் ஆஃப் ஹவுஸ், வாரம் 20 மணி நேரம், மினிமம் வேஜ். டிக்கெட் கவுன்ட்டர், கேலரி திறந்து மூடுறது, ஒர்க்‌ஷாப்புக்கு நாற்காலி போடுறது, இந்த மாதிரி.

எனக்கு க்யூரேட்டர் ஆகணும்னுதான் ஆசை. படிக்க வந்த முதல் மாசம் நேஷனல் கேலரில இத்தாலிய ஓவியர் கரவாஜியோவோட படம், கிறிஸ்துவ கைது பண்ற அந்த காட்சி, அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் நின்னுட்டு இருந்தேன், காவலுக்கு நின்னவரே வந்து பேச ஆரம்பிச்சிட்டார். லீசன் ஸ்ட்ரீட்ல ஜேசுட் பாதிரிமார் வீட்டு சாப்பாட்டு அறையில வேற யாரோ வரைஞ்சதுன்னு நினைச்சு தொங்கிட்டு இருந்துச்சாம், 1990ல சுத்தம் பண்றதுக்காக போய் பாத்த கேலரி ரெஸ்டோரர் (பழைய படங்கள சரி பண்றவர்) செர்ஜியோ பெனடெட்டிதான் இது கரவாஜியோன்னு கண்டுபிடிச்சார்னு அவர் சொன்னார். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இந்த மாதிரி ஒரு எடத்துலதான் வேலை பாக்கணும்னு. ஆனா இப்ப வாடகைய நினைச்சா பயமா இருக்கு. என்ன பண்ணலாம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வடக்குக்கரை:
நித்திலம், சம்பளமில்லாத வேலைக்கு போகாத. இத எத்தன பேருக்கு சொல்லிருக்கேன்னு எனக்கே தெரியல.

முதல்ல சட்டம். அயர்லாந்து மினிமம் வேஜ் சட்டம் 2000ல வந்தது, அதுல இன்டர்ன்னு தனியா ஒரு வகையே கிடையாது. இத்தன மணிக்கு வா, இந்த வேலைய செய்னு சொல்லி ஒருத்தர வேலை வாங்கினா அவங்க தொழிலாளிதான், மினிமம் வேஜ் குடுத்தாகணும். படிக்கும்போது கோர்ஸோட ஒரு பகுதியா போற ப்ளேஸ்மென்ட் வேற விஷயம், நீ படிப்ப முடிச்சாச்சு.

ரெண்டாவது, இந்த பழக்கம் எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சிக்கணும். 2008 நெருக்கடிக்கு அப்பறம் கலைக்கான காச வெட்டிட்டாங்க, 2011ல ஜாப்பிரிட்ஜ்னு ஒரு அரசு இன்டர்ன்ஷிப் திட்டம் வந்துச்சு, வேலையில்லா உதவித்தொகைக்கு மேல வாரம் 50 யூரோ, அவ்வளவுதான். மாஸ்டர்ஸ் படிச்சவங்க கேலரியில முழுநேர அசிஸ்டென்ட் வேலைய அந்த காசுக்கு செஞ்சாங்க. 2016ல திட்டத்த மூடிட்டாங்க ஆனா "முதல் வேலைன்னா சும்மாதான் செய்யணும்"ங்கற நினைப்பு மட்டும் போகல. நானும் அப்ப ஒரு எடத்துல ஒன்பது மாசம் அப்படி இருந்தேன். நான் முடிச்சதும் என் நாற்காலிக்கு அடுத்த இன்டர்ன் வந்தாங்க, வேலை வரல.

மழைக்கோட்டு:
வடக்குக்கரை அண்ணா சொல்றத மதிக்கிறேன், ஆனா என் அனுபவம் வேற. நானும் ஆறு மாசம் சம்பளமில்லாமதான் ஒரு ஆர்ட்டிஸ்ட்-ரன் ஸ்பேஸ்ல இருந்தேன். அங்க பழகின ரெண்டு ஆர்ட்டிஸ்ட் மூலமாத்தான் எனக்கு முதல் ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர் வேலை கிடைச்சுது. டப்ளின் ஆர்ட் உலகம் ரொம்ப சின்னது, வியாழக்கிழமை ரெண்டு கண்காட்சி ஓப்பனிங் போனா அடுத்த வியாழக்கிழமை அதே முகங்கதான். டெம்பிள் பார் கேலரி, ப்ராஜெக்ட் ஆர்ட்ஸ் சென்டர், டிரினிட்டி காலேஜுக்குள்ள இருக்கற டக்ளஸ் ஹைட், தாமஸ் ஸ்ட்ரீட்ல என்சிஏடி கலைக்கல்லூரியோட கேலரி, எல்லாமே நடந்து போற தூரம். க்யூரேட்டர் கூட உக்கார கிடைக்கிற வாய்ப்ப வெளியூர்ல டிக்கெட் கிழிக்கிறதுக்காக விடணுமான்னு யோசிச்சுக்கோ நித்திலம். மூணு மாசம்தானே.

வடக்குக்கரை:
ஆர்ட்டிஸ்டுங்க சேந்து நடத்துற எடத்துல யாருமே சம்பளம் வாங்கல, எல்லாரும் ஒண்ணா வாடகைய போட்டு ஒண்ணா சுவருக்கு பெயின்ட் அடிக்கிறாங்க, அது நியாயம். பாலஸ் ப்ராஜெக்ட்ஸ் 1996ல அப்படி ஆர்ட்டிஸ்டுங்க ஆரம்பிச்சதுதான், கால்வேல 126ங்கற கேலரியும் அப்படித்தான். அதுக்கு நான் எதிரி இல்ல. ஆனா டைரக்டருக்கு சம்பளம், க்யூரேட்டருக்கு சம்பளம், இன்டர்னுக்கு மட்டும் பஸ் செலவுன்னா அது வேற கத. நீ இருந்த எடம் எதுன்னு நீயே பாரு. அப்ப நீ எங்க தங்கியிருந்த?

மழைக்கோட்டு:
சித்தி வீட்டுல. வாடகை இல்ல. அத நான் சொல்லாம விட்டது தப்புதான், அது இல்லாம ஆறு மாசம் இருந்திருக்க முடியாது.

கோர்க்_அக்கா:
நான் இலங்கை, கோர்க்கில 14 வருசமா இருக்கிறன், ரெஜிஸ்ட்ரார் வேலை. அதாவது ஒரு படம் எங்க இருக்குது, ஆருக்குச் சொந்தம், ஆர் கடனாத் தந்தது, எந்த நிலையில வந்தது எண்டு எழுதி வைக்கிற ஆள்.

தங்கச்சி, நீங்கள் முன்னால நிண்டு பாத்த அந்தக் கரவாஜியோ நேஷனல் கேலரிக்குச் சொந்தமானதில்லை தெரியுமோ. ஜேசுட் சபை காலவரை இல்லாமக் கடனாக் குடுத்திருக்கினம். படத்துக்குப் பக்கத்தில இருக்கிற லேபிளில அதை எழுதியிருப்பினம், ஒருத்தரும் பெருசா வாசிக்கிறேல்லை. பெனடெட்டியின்ர கண் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அந்தக் கடன் தாளும். அது இல்லாட்டி நீங்கள் அந்தப் படத்தைக் கண்டே இருக்க மாட்டியள்.

தாள் சரியில்லாட்டி என்ன நடக்கும் எண்டதுக்கு அயர்லாந்தில இருக்கிற பெரிய உதாரணம் ஹ்யூ லேன். 1908ல டப்ளினில மாடர்ன் ஆர்ட் கேலரி துவங்கின மனுசன். தன்ர 39 பிரெஞ்சு படங்களை, ரெனுவாவின்ர குடைகள் படமும் அதுக்குள்ள, டப்ளினுக்குக் குடுக்க நினைச்சவர், டப்ளின் மாநகராட்சி அவர் கேட்டமாதிரிக் கட்டடம் கட்ட ஒத்துக்கொள்ளேல்லை எண்ட கோவத்தில உயிலை லண்டன் பேருக்கு எழுதினார். பிறகு மனம் மாறி 1915 பெப்ரவரியில டப்ளினுக்குத்தான் எண்டு உயிலோட ஒரு பின்சேர்க்கை எழுதினார், தானே கையெழுத்தும் வைச்சார், சாட்சிக் கையெழுத்து மட்டும் வாங்கேல்லை. மே மாசம் லூசிடானியா கப்பலில வரேக்க, இஞ்ச எங்கட கோர்க் கரைக்குக் கிட்ட டோர்பீடோ அடிச்சு, ஆள் போயிட்டார். சாட்சி இல்லாத தாள் செல்லாது எண்டு 39 படமும் லண்டனுக்குப் போச்சு. 1959 வரைக்கும் ஒரு பங்கீட்டு ஒப்பந்தத்துக்குக்கூட வரேல்லை, இண்டைக்கும் அதில சில படங்களை ரெண்டு ஊரும் மாறி மாறித்தான் வைச்சுக் காட்டுதுகள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்லுறன் எண்டால், ஆர்ட்ஸ் மேனேஜ்மென்ட் படிச்சு வாற பிள்ளையள் எல்லாரும் க்யூரேட்டர் எண்ட ஒரு சொல்லையே பிடிச்சுக்கொண்டு நிக்கினம். ஓவியர் பிரான்சிஸ் பேக்கனின்ர ஸ்டூடியோ லண்டனில இருந்து, லேன் துவங்கின அதே ஹ்யூ லேன் கேலரிக்கு வந்த கதையைப் பாருங்கோ. 1998ல அவரின்ர வாரிசு ஜோன் எட்வர்ட்ஸ் குடுத்தார். தொல்லியல் ஆக்களைக் கூட்டிக்கொண்டு போய், தரையில கிடந்த ஒவ்வொரு தூரிகை, கிழிச்ச படம், பெயின்ட் டப்பா, எது எதுக்கு மேல கிடந்தது எண்டு வரைஞ்சு, தூசியைக்கூட அள்ளிக்கொண்டு வந்து, 7,000க்கு மேல சாமானைப் பதிஞ்சு, 2001ல அப்பிடியே திரும்ப அடுக்கித் திறந்தவை. அந்த வேலை முழுக்கப் பட்டியல், படம், எண், பெட்டி. அதை ருசிச்சுச் செய்யிற ஆக்களுக்கு எப்பவும் தேவை இருக்குது. க்யூரேட்டர் வேலைக்குப் போட்டி போடுற ஆக்கள் எத்தினை, லோன் அக்ரிமென்ட் ஒழுங்கா எழுதத் தெரிஞ்ச ஆக்கள் எத்தினை எண்டு நீங்களே யோசியுங்கோ.

நித்திலம்:
அக்கா, இந்த உயில் கத கிளாஸ்ல ஒரு வரில வந்துச்சு, சாட்சி கையெழுத்து விஷயம் இப்பதான் புரியுது. உண்மைய சொன்னா ரெஜிஸ்ட்ரார் வேலைய பத்தி நான் யோசிச்சதே இல்ல.

இன்னொரு சந்தேகம். ஆர்ட்டிஸ்டுகளுக்கு பேசிக் இன்கம் குடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன், வாரம் 325 யூரோ. அது எங்கள மாதிரி ஆளுங்களுக்கு வருமா?

வடக்குக்கரை:
அந்த பைலட், அதாவது சோதனைத் திட்டம், 2022ல ஆரம்பிச்சது, 2,000 பேர், குலுக்கல் முறையில எடுத்தாங்க, தகுதி இருந்தாலும் பேர் விழலன்னா இல்ல. ரொம்ப நல்ல திட்டம், மாசக்கடைசில பயமில்லாம ஸ்டூடியோல உக்கார முடியுதுன்னு வாங்கினவங்க சொல்லி கேட்டிருக்கேன். ஆனா அது படைப்பாளிகளுக்கு, சொந்தமா ஒரு கலைப் பயிற்சி உள்ளவங்களுக்கு. நிர்வாகம் மட்டும் பாக்கறவங்களுக்கு அந்த பைலட்ல எடமில்லாம இருந்துச்சு. 1969ல இருந்து இருக்கற வரிவிலக்கும் அப்படித்தான், எழுதறவங்க வரையறவங்க இசை அமைக்கறவங்களுக்கு. நம்மள மாதிரி ஆபீஸ்ல உக்காந்து அவங்களுக்கு வேலை பாக்கறவங்களுக்கு பேஸ்லிப்தான்.

ஆர்ட்டிஸ்டுக்கு காசு குடுக்கணும்ங்கற பேச்சு இங்க நல்லா வளந்திருக்கு. கலைக்கு அரசு காச பிரிச்சு குடுக்கற ஆர்ட்ஸ் கவுன்சில் 2020ல அதுக்குன்னே ஒரு பாலிசி போட்டாங்க, விஷுவல் ஆர்ட்டிஸ்ட்ஸ் அயர்லாந்து கட்டண வழிகாட்டி வெச்சிருக்காங்க. அதே கேலரி கதவுல நிக்கற இன்விஜிலேட்டருக்கும் டெஸ்க்ல உக்காந்திருக்கற இன்டர்னுக்கும் அந்த பேச்சு நீளணும். அதுதான் என் ஆதங்கம்.

கவுன்ட்டி_ஆபீஸ்:
நான் டப்ளினுக்கு வெளிய ஒரு லோக்கல் அத்தாரிட்டில, அதாவது உள்ளாட்சி நிர்வாகத்துல, ஆர்ட்ஸ் ஆபீஸ்ல இருக்கேன். எந்த ஊருன்னு வேண்டாம். நித்திலம் சொன்ன அந்த ரெண்டாவது வேலைய எல்லாரும் டிக்கெட் கிழிக்கறதுன்னு ஒரே வார்த்தைல தள்ளிட்டீங்க, அதனால எழுதுறேன்.

அயர்லாந்துல 31 லோக்கல் அத்தாரிட்டி இருக்கு. 2003 ஆர்ட்ஸ் சட்டப்படி ஒவ்வொண்ணும் தன் பகுதிக்கு கலைத் திட்டம் போட்டாகணும். ஆர்ட்ஸ் ஆபீசர், அசிஸ்டென்ட், பப்ளிக் ஆர்ட் கோஆர்டினேட்டர்னு வேலை இருக்கு, சம்பள ஸ்கேல் விளம்பரத்துலயே போட்டிருக்கும். ஸ்கூல் கட்டினாலும் ரோடு போட்டாலும் வீடு கட்டினாலும் அந்த பட்ஜெட்ல 1 சதவீதம் வரைக்கும், ஒரு உச்சவரம்போட, கலைக்கு ஒதுக்கலாம், பெர்சென்ட் ஃபார் ஆர்ட்னு பேரு. அதுக்கு என்ன மாதிரி வேலை வேணும்னு ப்ரீஃப் எழுதணும், செலெக்‌ஷன் பேனல் கூட்டணும், காண்ட்ராக்ட், இன்ஷூரன்ஸ், பத்து வருஷம் கழிச்சு அந்த சிற்பம் துருப்பிடிச்சா யார் பாக்கறது, இத்தனையும் யாராவது செய்யணும். அந்த யாராவதுதான் ஆர்ட்ஸ் மேனேஜர்.

வெளியூர்னா கம்மின்னு நினைக்காதீங்க. நாட்டோட பெரிய பினாலே, அதாவது ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ நடக்கற கலைக் கண்காட்சி, ஈவா டப்ளின்ல இல்ல, 1977ல இருந்து லிமெரிக்ல நடக்குது. கார்லோல விஷுவல்ங்கற கலை மையத்த 2009ல திறந்தாங்க, அந்த ஊர் அளவுக்கு அது எவ்ளோ பெரிய கட்டடம்னு போய் பாருங்க. ஸ்லைகோல த மாடல்ங்கற கேலரில ஓவியர் ஜாக் யேட்ஸ் படங்க இருக்கே, அந்த கலெக்‌ஷன ஆரம்பிச்சது யாருன்னு பாத்தா நோரா நிலாண்ட்னு கவுன்ட்டி லைப்ரேரியன். லைப்ரரில உக்காந்துக்கிட்டு, படம் வேணும்னு கேட்டு, காசு திரட்டி, ஒரு சின்ன ஊருக்கு அத்தன படத்த சேத்தாங்க. எனக்கு அவங்கள நினைச்சா இன்னிக்கும் பெருமையா இருக்கும்.

சின்ன ஆர்ட்ஸ் சென்டர்ல மொத்த ஸ்டாஃபே அஞ்சாறு பேர்தான் இருப்பாங்க. கேலரி, தியேட்டர், குழந்தைங்க ஒர்க்‌ஷாப் எல்லாம் ஒரே கூரை. மேனேஜர் லீவ்ல போனா ஆர்ட்ஸ் கவுன்சிலுக்கு அனுப்பற ரிப்போர்ட் உன் மேசைக்கு வரும். போர்டு மீட்டிங்குக்கு காபி வெக்க போனா கணக்கு எப்படி பேசறாங்கன்னு காதுல விழும். இங்க பெரும்பாலான கலை அமைப்புங்க லாபநோக்கமில்லாத கம்பெனி, கூடவே பதிவு பண்ண சேரிட்டி, சேரிட்டி ரெகுலேட்டருக்கு பதில் சொல்லணும். அத பக்கத்துல இருந்து பாத்தவங்கள நான் இன்டர்வியூல ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவேன்.

ஏன் எல்லா வேலையும் ஒரு வருஷம், பத்து மாசம்னு காண்ட்ராக்டா வருதுன்னு நிறைய பேர் கேக்கறாங்க. அக்டோபர்ல அரசு பட்ஜெட் வந்தாத்தான் ஆர்ட்ஸ் கவுன்சிலுக்கு அடுத்த வருஷம் எவ்வளவுன்னு தெரியும், அங்கேருந்து கேலரிக்கு எவ்வளவுன்னு தெரியும், அதுக்கப்பறம்தான் ஆள் எடுக்கற தைரியம் வரும். 2020ல 80 மில்லியன் யூரோ இருந்தது 2021ல 130 மில்லியன் ஆச்சு, 2025ல 140. காசு ஏறியிருக்கு, நிஜம். ஆனா வருஷா வருஷம் அனுமதிக்கற காசுல நிரந்தர வேலை போட போர்டு பயப்படுது. அதனால விளம்பரம் வரல வரலன்னு இருந்துட்டு புது வருஷம் பிறந்ததும் கொத்தா வரும், அப்ப தயாரா இரு.

மழைக்கோட்டு:
நோரா நிலாண்ட் பத்தி எனக்கு தெரியாது, நன்றி. நான் டிக்கெட் கிழிக்கிறதுன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்.

நேரடிச்சொல்:
விசா பக்கத்த யாரும் தொடல, அதனால நான் சொல்றேன். வாழ்க்கையே மாறற விஷயம் இது.

நித்திலம், மாஸ்டர்ஸுக்கு 1ஜி மொத்தம் 24 மாசம் வரைக்கும். அதுல முழுநேரம் வேலை பாக்கலாம், பர்மிட் வேண்டாம். ஆனா சுயதொழில் பண்ணக்கூடாது. கலைத்துறையில பாதி பேர் இன்வாய்ஸ் போட்டுத்தான் சம்பாதிக்கறாங்க, ஒரு எக்ஸிபிஷனுக்கு இவ்வளவு, ஒரு கட்டுரைக்கு இவ்வளவுன்னு. நீ அப்படி போக முடியாது, பேரோல்ல இருக்கணும். "ஃப்ரீலான்ஸ் அசிஸ்டென்ட் க்யூரேட்டர்"னு யாராவது கூப்பிட்டா முதல்ல இத சொல்லிடு.

அப்பறம் கேலரி இன்விஜிலேட்டர் வேலை விளம்பரம் நிறைய பாப்ப, அதுல கம்யூனிட்டி எம்ப்ளாய்மென்ட் ஸ்கீம்னு இருந்தா, வாரம் 19.5 மணி நேரம், அது இங்க ரொம்ப நாள் அரசு உதவித்தொகைல இருக்கறவங்களுக்கானது. அதுக்கு அப்ளை பண்ணி பதில் வரலயேன்னு மனச ஒடச்சிக்காத, நான் எட்டு எடத்துல பண்ணேன்.

1ஜி முடிஞ்சா ஜெனரல் எம்ப்ளாய்மென்ட் பர்மிட் வேணும். அதுக்கு குறைஞ்ச சம்பளம் 2024ல 34,000 யூரோன்னு வெச்சாங்க, அதுக்கப்பறம் என்ன நிலவரம்னு துறை வெப்சைட்லயே பாத்துக்கோ. உள்ளூர்ல ஆள் கிடைக்கலன்னு வேலை குடுக்கறவர் விளம்பரம் போட்டும் காட்டணும். பார்ட் டைம் வேலைல அந்த தொகைய தொட முடியாது, கேலரி அசிஸ்டென்ட் சம்பளமும் பெரும்பாலும் தொடாது. அதனால உனக்கு 19 மாசம் இருக்கு, அதுக்குள்ள கோஆர்டினேட்டர், மேனேஜர் லெவலுக்கு ஏறணும். அந்த கணக்குல மூணு மாசம் சம்பளமும் இல்லாம வேலைச் சான்றும் இல்லாம போறது ரொம்ப பெரிய செலவு. மழைக்கோட்டுக்கு அந்த கடிகாரம் ஓடல, உனக்கு ஓடுது.

ஸ்பிரிட்_லெவல்:
டெக்னீஷியன். படம் மாட்டறது, பெட்டி பிரிக்கறது, ப்ரொஜெக்டர் தொங்க விடறது. எந்த வேலைக்கு போனாலும் மேனுவல் ஹேண்ட்லிங் சர்டிபிகேட் ஒண்ணு எடுத்து வெச்சுக்கோ, ஒரு நாள் கூட ஆகாது. குழந்தைங்க ஒர்க்‌ஷாப் இருக்கற எடம்னா கார்டா வெட்டிங் கேப்பாங்க, போலீஸ் சரிபார்ப்பு, அதுக்கு டைம் எடுக்கும், உன் பழைய விலாசம் எல்லாத்தையும் வரிசையா எழுதி வை.

இன்ஸ்டால் வாரத்துல டெக்னீஷியன் கூட நிக்கறேன்னு நீயா கேளு, யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. சுவர்ல எந்த உயரத்துல படம் நிக்கணும்னு முடிவு எடுக்கறத பக்கத்துல நின்னு பாத்தா எக்ஸிபிஷன்னா என்னன்னு புரியும். எனக்கு புத்தகத்துல அது வரல.

நித்திலம்:
எல்லாருக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல. ரெண்டு நாள் யோசிச்சு அந்த டப்ளின் கேலரிக்கு மெயில் போட்டேன், எனக்கு இந்த வாய்ப்பு ரொம்ப பிடிச்சிருக்கு, வாரம் ரெண்டு நாளா குறைச்சு மினிமம் வேஜ் தர முடியுமான்னு. பட்ஜெட் இல்லன்னு மரியாதையாத்தான் பதில் வந்துச்சு. ஆர்ட்ஸ் சென்டருக்கு சரின்னு சொல்லிட்டேன். அங்க ஒரு ஷேர் ரூம் டப்ளின் வாடகைல பாதிக்கு கிடைச்சிருக்கு, கஃபே ஓனர் சனிக்கிழமை ஷிப்ட் மட்டும் வெச்சுக்கன்னு சொல்லிட்டார், அதனால வெள்ளிக்கிழமை ராத்திரி டப்ளின் வந்துடுவேன். ஓப்பனிங் எல்லாம் வியாழக்கிழமையா இருக்கறதுதான் கஷ்டம்.

வடக்குக்கரை:
கேட்ட பாரு, அதுவே பெரிய விஷயம். அடுத்து வர்ற பொண்ணுக்கு அவங்க யோசிப்பாங்க.

நித்திலம்:
ஏழு வாரம் கழிச்சு எழுதுறேன். இந்த இழை யாருக்காவது உபயோகப்படும்னு நடந்தத சொல்லிடறேன்.

முதல் மூணு வாரம் நிஜமாவே நாற்காலி போட்டேன். கவுன்ட்டர்ல நிக்கும்போது பாத்தேன், கேலரிக்கு வர்றவங்கள விட மழைக்கு ஒதுங்க வர்றவங்க அதிகம், அவங்க கிட்ட பேசினா அவங்களும் படம் பாக்க ஆரம்பிச்சிடறாங்க. ஒரு பாட்டி தினமும் பஸ்ஸுக்கு முன்னாடி பத்து நிமிஷம் வருவாங்க, ஒரே படத்துக்கு முன்னாடி உக்காருவாங்க, அது அவங்க அப்பா மீன் பிடிச்ச எடமாம். அத எழுதி மேனேஜர் கிட்ட குடுத்தேன், ரிப்போர்ட்ல சேத்துக்கிட்டாங்க.

போன வாரம் புது எக்ஸிபிஷன் வந்து இறங்குச்சு. ஸ்பிரிட்_லெவல் அண்ணா சொன்ன மாதிரி நிக்கறேன்னு கேட்டேன், ஒரு க்ளிப்போர்டையும் டார்ச்சையும் கைல குடுத்து 14 படத்துக்கும் கண்டிஷன் ரிப்போர்ட், அதாவது எந்த நிலையில வந்திருக்குங்கற குறிப்பு, எழுத சொல்லிட்டாங்க. ஒன்பதாவது படத்தோட ஃப்ரேம்ல, கீழ் இடது மூலைல, ஒரு சின்ன விரிசல் இருக்கு. அனுப்பினவங்க குடுத்த ரிப்போர்ட்ல அது இல்ல. கோர்க் அக்கா, இத எப்படி எழுதணும்? நாங்க உடைச்சோம்னு ஆகிடக்கூடாது, அவங்க மேல பழி போட்ட மாதிரியும் இருக்கக்கூடாது.

கோர்க்_அக்கா:
தங்கச்சி, முதல்ல படத்தைத் திரும்பப் பெட்டிக்குள்ள வைக்காதேங்கோ, இருந்த இடத்திலயே இருக்கட்டும். டார்ச்சை ஃப்ரேமோட ஒட்டினமாதிரி பக்கவாட்டில பிடிச்சு ரெண்டு ஃபோட்டோ எடுங்கோ, பக்கத்தில ஒரு ரூலரை வைச்சு. விரிசல் எண்டு மட்டும் எழுதாம, எந்த மூலை, விளிம்பில இருந்து எத்தினை மில்லிமீட்டர், நீளம் எவ்வளவு, மரத்திலயோ பூச்சிலயோ எண்டு எழுதுங்கோ. உள்ளுக்கு வெள்ளையாப் புதுசாத் தெரியுதோ, தூசி படிஞ்சு பழசாத் தெரியுதோ எண்டதையும் கண்டமாதிரியே எழுதுங்கோ, காரணம் ஒண்டும் எழுத வேண்டாம். பெட்டி திறந்த நேரம், கூட நிண்ட ஆளின்ர பேர், திகதி. மேனேஜருக்குக் காட்டி, குடுத்த ஆக்களுக்கு இண்டைக்கே மெயில் போகோணும், நாளைக்கு எண்டு விடாதேங்கோ.

அடியில உங்கட கையெழுத்து. பக்கத்தில கூட நிண்டவரின்ர கையெழுத்தும்.

நித்திலம்:
கூட நின்னது டெக்னீஷியன் அண்ணா. இப்பவே போய் வாங்கிட்டு வந்துடறேன் அக்கா.